திங்கட்கிழமை மஞ்சள்

1

அந்தப் புடவையை மேனேஜர் அறையில் மேஜை மேல் விரித்தார்கள். மாம்பழ மஞ்சள் உடல், அரக்கு பார்டர். தறியிலிருந்து அறுத்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. முந்தானைக்குச் சற்றுக் கீழே, கையகலத்துக்கு மஞ்சள் செத்துப்போய், துலக்காத பித்தளை நிறத்தில் ஒரு பட்டை குறுக்காக ஓடியது.

கொண்டுவந்த நெசவாளர் நின்றபடியே பேசினார். "பதினஞ்சு நாளு குந்தி நெஞ்சது சார். டியூப் லைட்டுல ஒண்ணும் தெரியல. வெய்யில்ல பிரிச்சா இப்பிடி இருக்குது. இத யாரு கட்டுவாங்கோ?"

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுச் சாயப்பட்டறையின் லேபில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்துப் போன வருஷம் ஓய்வு பெற்றேன். இது நடந்து ஒரு பன்னிரண்டு வருஷம் இருக்கும். "நீங்க எதையாவது கண்டுபிடிச்சிருக்கீங்களா மேடம்?" என்று ஒரு கல்லூரி மாணவி என்னைக் கேட்டாள். ஒரே ஒரு தடவை கண்டுபிடித்திருக்கிறேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மேனேஜர் சாய ரிஜிஸ்டரைப் புரட்டினார். குறுக்கே ஓடும் ஊடைக்குப் போன அந்த நூல் திங்கட்கிழமை சாயம் போட்டது. முதல் தொட்டி. போட்டவர் ஏழுமலை. அதற்கு முன்னும் சில திங்கட்கிழமைகளில் இதே புகார் வந்திருந்தது. எல்லாமே முதல் தொட்டி.

"ஞாயித்துக்கிழமை குடிச்சிட்டு வர்றான். முதல் தொட்டியில கை நடுங்குது. ரெண்டாவதுல தெளிஞ்சிடுது" என்றார் மேனேஜர்.

கேட்கச் சரியாகத்தான் இருந்தது. ஏழுமலை ஞாயிற்றுக்கிழமைகளில் குடிப்பது பட்டறை முழுக்கத் தெரியும். மேனேஜர் என் பக்கம் திரும்பினார். சாயத்தின் லாட், அமிலத்தின் அளவு, தண்ணீர் எல்லாவற்றையும் பரிசோதித்து நான் ஏற்கெனவே ரிப்போர்ட் கொடுத்திருந்தேன். தண்ணீருக்கு நேராக 'குறையில்லை' என்று என் கையெழுத்து.

"லேபே சொல்லிடுச்சு. பாக்கி இருக்குறது ஆளுதான்."

2

ஏழுமலைக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். முசரவாக்கத்திலிருந்து சைக்கிளில் வருவார். ஆறு மணிக்கு அடுப்பைப் பற்றவைத்துவிடுவார். நான் போய்ச் சேரும்போது கொட்டகை முழுக்க ஆவியாக இருக்கும். ஈரப்பட்டும் அமிலமும் கலந்த ஒரு புளித்த வாசனை. இன்றைக்கும் ஊறுகாய் ஜாடியைத் திறந்தால் எனக்கு அந்தக் கொட்டகைதான் ஞாபகம் வரும். கம்பில் தொங்கும் பட்டு நூல் சிட்டத்தை அவர் தொட்டியில் முக்கித் திருப்பித் திருப்பி எடுப்பார். பிறகு ஈரத்தோடு வெளியே கொண்டுபோய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெயிலில் பார்ப்பார். "இன்னும் ஒரு சிட்டிகை செவப்பு கேக்குதும்மா" என்பார். நான் தராசில் நிறுத்துப் பார்த்தால் ஏறக்குறைய அவ்வளவுதான் குறைந்திருக்கும்.

மேனேஜர் கேட்டபோது அவர் மறைக்கவில்லை. "குடிப்பேன் சார். இல்லன்னு சொல்லல. ஆனா காலைல தொட்டிகிட்ட தெளிவாத்தான் நிக்கிறேன்."

"இன்னொரு தடவை கெட்டுச்சுன்னா வேலை கிடையாதுப்பா."

அன்றைக்கே குடியை விட்டுவிட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னார். அடுத்த திங்கட்கிழமை முதல் தொட்டி நூல் மங்கி வந்தது. அதற்கடுத்த திங்கட்கிழமையும். யாரும் அவரை நம்பவில்லை. நானும் நம்பவில்லை. மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

3

இரண்டு நாள் கழித்து ஒரு பெண் லேப் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். ஏழுமலையின் மனைவி கன்னியம்மா. வயல் வேலைக்குப் போகிறவர். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்மா. நூலப் பாத்து ஆளு குடிச்சானா இல்லியான்னு சொல்ல முடியுமா?"

"அது எப்படிம்மா முடியும்? ஏன் கேக்கறீங்க?"

"நூலே சாட்சி சொல்லுதுன்னு சாரு சொன்னாராம். இது குடிக்கல குடிக்கலன்னு சத்தியம் பண்ணிக்கினு இருக்குது. நூலு கெட்டுப்போச்சே, அப்போ எங்கியோ குடிச்சிருக்கன்னு நானே சண்டை போட்டேன். போன ஞாயித்துக்கிழமை தென்னேரில எங்க அக்கா வூட்டுக்கு இட்டுக்கினு போனேன். காலைலேர்ந்து படுக்கிற வரைக்கும் கண்ணு மறைய உடல. ஒரு சொட்டு குடிக்கலம்மா. ஆனா திங்கக்கிழமை நூலு கெட்டுப்போச்சு. அது எப்பிடிம்மா?"

அவரே தொடர்ந்தார். "இப்போ அதுவே சொல்லுது, பழைய குடி கையில தங்கிப்போச்சு போலன்னு. ராவெல்லாம் கைய நீட்டி நீட்டிப் பாத்துக்கினு குந்தியிருக்குது."

அவர் போன பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. குடிதான் காரணம் என்றால் குடியை எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். எடுத்த பிறகும் நூல் கெட்டால் காரணம் வேறு. இவ்வளவு பாட்டில்களும் பீக்கர்களும் வைத்துக்கொண்டு நான் செய்யாத பரிசோதனையை அந்த அம்மாள் தன் வீட்டுக்காரரைக் கூடவே வைத்துச் செய்துவிட்டார்.

ரிஜிஸ்டரைத் திரும்ப எடுத்தேன். கெட்ட நாள்கள் எல்லாம் திங்கள். ஒன்று மட்டும் புதன். செவ்வாய் அன்று கருட சேவைக்காகப் பட்டறைக்கு விடுமுறை. 'திருவிழாவுக்கும் குடித்திருப்பார்' என்று அப்போது விட்டுவிட்டோம். இப்போது பார்த்தால், பட்டறை மூடியிருந்த நாளுக்கு மறுநாள் காலையில்தான் நூல் கெட்டிருக்கிறது. மூடிக்கிடக்கும் பட்டறையில் என்ன மாறும்?

பிறகு என் தண்ணீர் நோட்டைத் திறந்தேன். சாம்பிள் எடுத்த நேரம் ஒவ்வொரு வரியிலும் இருந்தது. பத்தே கால், பத்து இருபது, பத்தே கால். செவிலிமேட்டிலிருந்து என் டவுன் பஸ் வந்து சேர்கிற நேரம் அப்படி. சாயம் போடுவதோ ஆறு மணிக்கு. நடுவில் நாலு மணி நேரம் இருப்பது இத்தனை வருஷமாக என் கண்ணில் படவே இல்லை.

4

அடுத்த திங்கட்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்தேன். ஏழுமலை அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். "இன்னாம்மா, இந்நேரத்துக்கு?"

"குழாயை இன்னும் திறக்கலையே?"

"இல்லம்மா."

முதல் வாளியை நானே பிடித்தேன். கொட்டகை வெளிச்சத்தில் தெளிவாகத்தான் தெரிந்தது. கண்ணாடி பீக்கரில் ஊற்றி வெள்ளைத் தாள் முன்னால் பிடித்தபோது லேசாக ஒரு பழுப்பு. இரும்பைக் காட்டும் மருந்தை இரண்டு சொட்டு விட்டேன். தண்ணீர் மாதுளைச் சாறு மாதிரிச் சிவந்துவிட்டது. இருபது வாளி தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டு மறுபடி பார்த்தேன். நிறமே வரவில்லை.

சில மாதங்களுக்கு முன் சரக்கு வண்டி ஏறி எங்கள் பிளாஸ்டிக் குழாய் உடைந்தது. ஸ்டோரில் கிடந்த பழைய இரும்புக் குழாயை அந்த இடத்தில் மாட்டியிருந்தார்கள். சனிக்கிழமை மாலையிலிருந்து திங்கள் காலைவரை தண்ணீர் அதற்குள்ளேயே நிற்கும். மற்ற நாள்களில் தொட்டிகளைக் கழுவியே அந்த முதல் தண்ணீர் தீர்ந்துபோகும். விடுமுறைக்கு முன்னால் மட்டும் முதல் நாளே கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். தொட்டி சுத்தமாக இருப்பதால் விடுமுறை முடிந்ததும் வெளிர் நிறங்களில் தொடங்குவார்கள். குழாயில் நின்ற தண்ணீர் நேராக மஞ்சளில் போய் விழுந்துகொண்டிருந்தது.

"ஏழுமலை, ஒரு சிட்டம் இந்தத் தண்ணியில, ஒரு சிட்டம் அந்தத் தண்ணியில. ஒரே சாயம், ஒரே அளவு. போடுங்க."

அவர் முக்கித் திருப்பி எடுத்தார். ஈரத்தில் வித்தியாசம் தெரியவில்லை; சிட்டங்கள் காய ஒன்பது மணி ஆனது. மூங்கில் கொடியில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. ஒன்று மாம்பழம். மற்றது பித்தளை. ஏழுமலை ஒரு கண்ணை மூடிப் பார்க்கவில்லை. இரண்டு கண்ணாலும் பார்த்துக்கொண்டே நின்றார்.

மேனேஜர் வந்ததும் அங்கேயே கூட்டிவந்தேன். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். "தண்ணி நல்லா இருக்குன்னு நீங்கதானேம்மா எழுதிக் குடுத்தீங்க?"

வழியெல்லாம் இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்றுதான் யோசித்திருந்தேன். குழாயை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஏழுமலை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"ஆமா சார். நான் பார்த்தது பத்து மணித் தண்ணி. ஆறு மணித் தண்ணியை ஒரு நாளும் பார்க்கலை. அந்த ரிப்போர்ட் தப்பு. தப்பு என்னுது."

அவர் பித்தளை நிறச் சிட்டத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாக, "அந்தக் குழாயை மாட்டச் சொன்னவன் நான்" என்றார். ஏழுமலையின் தோளைத் தொட்டு, "எங்க மேலதான்பா தப்பு. நீ எங்கயும் போக வேணாம்" என்றார்.

ஏழுமலை சந்தோஷப்பட்ட மாதிரித் தெரியவில்லை. சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து என்னிடம் நீட்டினார். "அவகிட்ட நீயே ஒரு வார்த்த சொல்லும்மா. நான் சொன்னா நம்பாது."

சொன்னேன். கன்னியம்மா, "அது பக்கத்துல இருக்குதா? குடும்மா" என்றார். ஏழுமலை போனை வாங்கிக்கொண்டு கொடிக்குப் பின்னால் போனார். அவர் பேசியது மட்டும்தான் எனக்குக் கேட்டது. "ம்... இல்ல... நாஷ்டா ஆச்சு... சரி, வுடு. அழுவாத."

5

அதன்பின் ஏழுமலை குடிக்கவே இல்லை என்று எழுத ஆசைதான். ஒரு வருஷம் குடிக்காமல் இருந்தார், பிறகு எப்போதாவது குடித்தார். இரண்டும் உண்மை: அவர் குடிகாரர், அவர் கை சுத்தம். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டது நாங்கள்தான்.

தண்ணீரில் இரும்பு இருந்தால் மஞ்சள் மங்கும் என்பது கல்லூரிப் புத்தகத்தில் உள்ளதுதான். நான் படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறேன். கைக்கெட்டும் தூரத்தில் இருந்த அந்த விஷயத்தை, நாங்கள் சொன்ன கதை பொருத்தமாக இருந்ததால் தேடவே இல்லை. பொருந்தாத ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒருவர் கொண்டுவந்து வாசலில் வைத்த பிறகுதான் நான் எழுந்து போனேன். அதைக் கண்டுபிடிப்பு என்று சொல்லலாமானால், அதில் பாதி கன்னியம்மாவுடையது.

புதிதாக லேப் வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ரிப்போர்ட்டில் 'குறையில்லை' என்று எழுதும்போது எத்தனை மணிக்கு எடுத்த சாம்பிள் என்பதையும் அதே வரியில் எழுதுங்கள். மீதி நேரத்தைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பதைப் படிக்கிறவர் புரிந்துகொள்ளட்டும். அந்தத் தாளை வைத்துத்தான் ஒருவரை வேலையை விட்டு அனுப்புவார்கள்.