பட்டினி கிடக்கத் தெரியாத மூஞ்சூறு

விலங்குப் பூங்காவில் மூஞ்சூறுகளுக்குத் தீனி போடுவதுதான் அத்தையின் வேலை. கட்டைவிரல் அளவு உடம்பு, இரண்டு மணிக்கொரு தடவை புழு. ராத்திரிக்குக் காவல்காரர் பார்த்துக்கொள்வார். பகலுக்கு மாற்று ஆள் கிடையாது. பத்தொன்பது வருடம் இப்படி ஓடியதில், துக்க வீட்டில் உட்கார்ந்திருந்தால்கூட அத்தை இரண்டு மணிக்கொரு தடவை எழுந்து நிற்பாள். நாங்கள் வைத்த பெயர் அலாரம். ஒருமுறை விளையாட்டாக அவள் கைக்கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவைத்தேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடினாள். அப்புறம் அதை நான் தொடவில்லை.

அவளுக்கு ஒரே ஆசை: ஒரு பகல் முழுக்கப் படுத்துக் கிடக்க வேண்டும்.

போன மாதம் அது தானாகவே மடியில் வந்து விழுந்தது. புதிய மேலாளர் உத்தரவு போட்டார். சிங்கம் வாரத்தில் ஒரு நாள் பட்டினி கிடப்பதுபோல, இனி எல்லா விலங்கும் திங்கட்கிழமை பட்டினி. தீனி போடுகிறவர்களுக்குச் சம்பளத்தோடு லீவு.

“சந்தோஷந்தானேம்மா?”

“எனக்குச் சந்தோஷந்தான் சார். சாயங்காலம் ஏழு மூஞ்சூறும் செத்துக் கிடக்கும்.”

“அவ்ளோ பெரிய சிங்கமே தாங்குது. இந்த இத்துனூண்டுக்கு என்ன கேடு?”

“இத்துனூண்டா இருக்கறதுதான் கேடு.” அத்தை அவர் மேசையைக் காட்டினாள். “உங்க தம்ளர்ல டீ ஆறிப்போச்சு. கேன்டீன் அண்டாவுல அதே டீ இன்னும் சுடும். சின்ன உடம்புல சூடு நிக்காது சார். தின்னுக்கிட்டே இருந்தாதான் உசுரு.”

“சின்ன வயிறு, சின்னப் பசி. அவ்ளோதான்.”

வாதாட அத்தைக்குத் தெம்பில்லை. அப்படியே வீட்டுக்கு வந்திருக்கலாம். போய் ஒரு மூஞ்சூறை எடுத்துவந்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

“நெஞ்சு துடிக்கறத எண்ணுங்க.”

மேலாளர் எண்ணினார். எண்ணிக்கையைத் தவறவிட்டார். மறுபடி தொடங்கினார்.

“துடிக்கலயேம்மா. ஃபோன் மாதிரி நடுங்குது.”

“துடிக்குது சார். நீங்க ஒண்ணு எண்ணறதுக்குள்ள அது பத்தைத் தாண்டிடுது. அந்த வேகத்துலதான் உள்ள அடுப்பும் எரியுது. யானைக்கு உமி அடுப்பு, மெதுவா எரியும். இதுக்குக் காகிதம்.”

“எவ்ளோ நேரம் தாங்கும்?”

“மூணு மணி. அதுக்கு மேல நான் பொறுப்பில்ல.”

மேலாளர் உத்தரவின் ஓரத்தில் ‘மூஞ்சூறு நீங்கலாக’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மூஞ்சூறு நீங்கலாக என்றால் அத்தையும் நீங்கலாக. அவர் பேனாவைத் திறக்கும்போதே அது அவளுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை, மறந்துவைத்த குடையை எடுக்கவந்த சிங்கக் கூண்டுக்காரர் எட்டிப் பார்த்தார். “வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா இந்நேரம் குறட்டை விட்டிருப்பியே.”

“ஆமாண்ணே,” என்றாள் அத்தை.

பத்து மணிப் புழு போட்டாயிற்று. அடுத்ததற்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது. ஸ்டூலை இழுத்துப்போட்டு, சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.