தட்டுக்கு அடியில் என் வேலை

என் ஆத்துக்காரர் வீட்டிலேயே இசைத்தட்டு மெஷின் பண்ணிவிட்டார் என்று எங்கள் வலியசாலையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மரப்பெட்டி அவர் செய்யச் சொன்னது, மோட்டார் அவர் தருவித்தது, மேலே பூசின வார்னிஷ் அவர் கை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இசைத்தட்டைத் தாங்குகிற அலுமினியத் தட்டு சுழல்வது நடுவில் நிற்கிற ஒரு எஃகுத் தண்டின் மேல். தண்டு சுழல்வது ஒரு பேரிங்குக்குள். அந்த பேரிங்கைச் செய்தவள் நான். அதை நாலு பேர் முன்னால் அவர் வாயால் ஒரு தரம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. பட்டுப்புடவையா கேட்டேன்?

பொறியியல் கல்லூரிப் பட்டறையில் லேத் பக்கத்தில் இருபத்திரண்டு வருஷம் நின்றவள் நான். பேங்க் ஆபீசரான அவருக்கு ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருப்பினால் கழலும் என்பதே சந்தேகம். "நீ சும்மா ஒரு புஷ் மட்டும் போட்டுக் குடுத்துடேன்" என்றார், இட்லிக்குச் சட்னி கேட்கிற குரலில். சும்மாவாம்! தண்டைச் சுற்றிப் பிடிக்கிற குழல்தான் புஷ், பேரிங்கின் உயிரே அதுதான். தண்டு கொஞ்சம் உரசினாலும் அந்த உறுமல் ஊசி வழியாக ஸ்பீக்கருக்கு வந்துவிடும். பாட்டுக்கு அடியில் யாரோ அம்மி அரைக்கிற மாதிரி கேட்கும்.

முதலில் நைலான் போட்டேன். தப்பு என்னுடையது, மறைக்கவில்லை. பட்டறையில் மிச்சத் துண்டு கிடந்தது, கடைவதும் சுலபம், மாசி வெயிலில் தண்டு வழுக்கிக்கொண்டு சுழன்றது. ஜூன் மாதத்து இடவப்பாதி மழை பிடித்ததும் ஊரில் கதவெல்லாம் ஊதுமே, அப்படி நைலானும் ஈரத்தைக் குடித்து ஊதி, தண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. "காலேஜ்ல இத்தனை வருஷம் இருந்து இவ்வளவுதானா?" என்றார். நான் வைத்த ரசத்தைச் சாப்பிட்டுக்கொண்டேதான் கேட்டார்.

அடுத்தது டெஃப்லான். வழவழப்பில் அதை அடிக்க ஆளில்லை. ஆனால் மெத்து. நாலு கிலோ அலுமினியத் தட்டு ஏறி உட்கார்ந்ததும் கொஞ்சங்கொஞ்சமாக அமுங்கி ஓட்டை அகன்றுவிட்டது, தட்டு தள்ளாடியது. பாரம் சுமக்கிற சாமான் அல்ல அது. அதையும் கழற்றி எறிந்தேன்.

கடைசியில் கன்மெட்டலுக்கு வந்தேன். வெண்கலத்தில் ஒரு வகை, தண்ணீர்ப் பம்புக்குள் போடுவார்களே, அது. சுற்றிலும் கன்மெட்டல் புஷ், அடியில் டெல்ரின் என்கிற கெட்டி பிளாஸ்டிக்கில் ஒரு வில்லை, அதன்மேல் சாலைக் கடைத்தெரு சைக்கிள் கடையில் பொறுக்கின ஒரு எஃகுக் குண்டு. பதினோரு நாள் மத்தியான இடைவேளையில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் அந்த ஓட்டையைத் தேய்த்தேன். பன்னிரண்டாம் நாள் தண்டை உள்ளே விட்டால் தொப்பென்று விழவில்லை. உள்ளே மாட்டின காற்று வெளியேற வெளியேற, மெதுவாக, தானாக இறங்கிற்று. அத்தனை சரியாக அமைந்திருந்தது. லேத்துக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். சந்தோஷம்தான்.

தையல் மெஷினுக்கு விடுகிற மெல்லிய எண்ணெயில் ரெண்டு சொட்டு விட்டுச் சுழற்றினேன். ஸ்க்ரூடிரைவரைப் பேரிங்கில் வைத்து மறுமுனையைக் காதில் ஒட்டிக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. "பேஷ்!" என்றார் அவர். அந்த ஒரு சொல்லுக்கே நான் குளிர்ந்துபோனேன், அசடு.

மறுநாள் போனில் யாரிடமோ மலையாளம் கலந்து பேசிக்கொண்டிருந்தார். "நானே பண்ணினேன் கேட்டோ. பேரிங் மெட்டீரியல்தான் கஷ்டம். மூணு மாத்திப் பார்த்தேன்." கை வேலையை விட்டுவிட்டுப் போய் நின்றேன்.

"ஏன்னா, மாத்திப் பார்த்தது நீங்களா?"

"நாம ரெண்டு பேரும் வேற வேறயா? ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு மெஷினைக் கொண்டுபோறேன், நீயும் அந்த ஹாலுக்கு வா. எல்லார் முன்னாடியும் உன் பேரைச் சொல்றேன்."

நம்பினேன். புருஷன் சொன்னால் நம்புகிற வியாதி எனக்கு இன்னும் விடவில்லை.

பழைய இசைத்தட்டு சேகரிப்பவர்கள் நாற்பது பேர் கூடுகிற கூட்டம் அது. காலை பத்து மணிக்கே ஹாலில் ஏ.சி. நடுக்கிற நடுக்கத்தில் நான் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தேன். மெஷினை மேடையில் வைத்து, சாயா, பரிப்புவடை, வரவேற்புரை எல்லாம் முடிய ஒரு மணி நேரமாயிற்று. அவர் மைக்கைப் பிடித்து மரத்தைப் பற்றிச் சொன்னார், மோட்டாரைப் பற்றிச் சொன்னார், வார்னிஷைப் பற்றிக்கூடச் சொன்னார். என் பக்கம் திரும்பவில்லை. ஊசியை வைத்தார்.

பாடகி கொட்டாவி விட்டுக்கொண்டு பாடுகிற மாதிரி குரல் இழுத்தது. இன்னும் இழுத்தது. தட்டு நின்றேபோயிற்று. யாரோ சிரித்தார்கள். அப்போதுதான் அவர் என்னைக் கை காட்டினார். மலையாளத்தில், மைக்கில், தெளிவாகச் சொன்னார்: "பேரிங் மாத்திரம் வைஃப் பண்ணினது."

நாற்பது தலையும் என்னைப் பார்த்துத் திரும்பின.

மெஷினைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தோம். தட்டையும் தண்டையும் எடுத்தேன். புஷ்ஷுக்குள் வெள்ளை வெளேரென்று எதுவோ உறைந்திருந்தது. விரலில் தொட்டு முகர்ந்தேன். தேங்காயெண்ணெய்!

"இது யார் விட்டது?"

"காத்தால நான்தான், நன்னா சுத்தட்டுமேன்னு கொஞ்சம் தாராளமா விட்டேன். கத்திரிக்கோலுக்கும் கதவுக்கும் நம்மாத்துல அதுதானே விடறது?"

கதவுக்கு விடலாம். இந்த ஊர்ச் சூட்டில் அது எப்போதும் எண்ணெயாகவே இருக்கும். ஏ.சி. ஹாலில் ஒரு மணி நேரம் வைத்தால் கட்டிதட்டிப் போகும் என்று குளிர்காலத்தில் ஒரு தரம் மூணாறு போய்வந்தவனுக்குக்கூடத் தெரியும். 

"உள்ளே போய் இதைச் சொல்லுங்கோ. எண்ணெய் விட்டது நீங்கன்னு சொல்லுங்கோ."

"இப்போ அதெல்லாம் எதுக்கு? நேரமாறது. முதல்ல சரியாக்கு."

புஷ்ஷைக் கைப்பையில் போட்டுக்கொண்டு நேரே வீட்டுக்கு நடந்திருக்கலாம். அங்கிருந்து வலியசாலைக்கு இருபது நிமிஷ நடை. போகவில்லை. வெயிலில் பிடித்து உருக்கினேன், புடவைத் தலைப்பால் துடைத்தேன், காவலாளி தன் சைக்கிளுக்குப் போடுகிற எண்ணெயைக் கேட்டு வாங்கி ஒரு சொட்டு விட்டேன். நான் செய்த சாமான் கெட்ட பேரோடு திரும்பக் கூடாது என்பதுதான் அப்போது எனக்குப் பெரிதாக இருந்தது.

மறுபடி ஊசி வைத்தார்கள். இத்தனை பெரிய ஸ்பீக்கரில், பாட்டு ஆரம்பிக்குமுன் வருகிற அந்த ரெண்டு விநாடியில், உறுமல் துளிகூட இல்லை. நான் மட்டும்தான் அதைக் கேட்டிருப்பேன். பாட்டு முடிந்ததும் அவர் மைக்கை எடுத்தார்.

"பேரிங்ல ஒரு சின்னப் பிழை இருந்தது. இப்போ நான் சரியாக்கியாச்சு."

ஹால் முழுக்கக் கை தட்டிற்று. என் பக்கத்து நாற்காலி அம்மாள் என்னைப் பார்த்துப் பாவமாகச் சிரித்தாள். நானும் கை தட்டினேன். அவர் சொன்னதைக்கூட எப்போதாவது மன்னித்துவிடுவேன்; நான் தட்டினதை என்னால் மன்னிக்க முடியவில்லை.