ஸ்வல்ப தொன்னு, அஷ்டே

அல்சூரில் பிறந்து வளர்ந்த என் அளவுக்குக் கன்னடம் தெரிந்தவர்கள் கன்னடர்களிலேயே குறைவு என்று ஐம்பது வயது வரை நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கேசரிக்கும் காபிக்கும் நடுவில், என் சித்தி மகளின் கல்யாணத்தையும் சேர்த்துக்கொண்டு முறிந்தது.

தங்கை பள்ளிக்கூட ஆசிரியை. அத்திபெலேயிலிருந்து பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளைப் பையனோடு ஏற்கெனவே இரண்டு முறை பேசியிருந்தாள். புடவைக் கடையில்கூடப் பிடித்திருக்கிறது என்று லேசில் சொல்லாதவள், அவரைப் பிடித்திருக்கிறது என்றாள். காபி நீட்டிய கையில், முழங்கையருகே, மிளகளவில் நாலைந்து வெள்ளைப் புள்ளிகள். பையனின் அம்மா தமிழர்தான்; ஆனால் வீட்டில் பாதி கன்னடம் புழங்குபவர். "கையில என்னம்மா அது?" என்று அவளைக் கேட்டார். தேமல் என்று தமிழில் சொல்லியிருந்தால் தீர்ந்தது. நான் முந்திக்கொண்டேன். "ஏனூ இல்லம்மா, ஸ்வல்ப தொன்னு, அஷ்டே." ஒன்றுமில்லை, கொஞ்சம் தொன்னு, அவ்வளவுதான்.

தேமலுக்குக் கன்னடத்தில் சிப்பு என்று பெயர். தொன்னு என்றால், நம்மவர்கள் கூசாமல் வெண்குஷ்டம் என்கிறார்களே, அது. குஷ்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஒட்டவும் ஒட்டாது. இதெல்லாம் அந்த அம்மா டம்ளரைக் கீழே வைத்த பிறகு எனக்கு ஞாபகம் வந்தது.

மறுநாளே தோல் டாக்டரிடம் ஓடினோம். வியர்வையில் தலையெடுக்கும் பூஞ்சை, சாதாரணத் தேமல்தான் என்றார். தோல் வறண்டாலும் இப்படி வெளுக்குமாம். வெயில் பட்டுப் பட்டு வயதானவர்களுக்கும் புள்ளி விழுமாம். மருந்து தடவினால் பூஞ்சை போய்விடும், நிறம் திரும்பத்தான் சில மாதங்கள் ஆகும். அதை எழுதி வாங்கிக்கொண்டு அத்திபெலேக்கு பஸ் ஏறினேன். பையனின் அம்மா சீட்டைக் கையில் வாங்கவில்லை.

"சொந்த அண்ணனே சொல்லிட்டீங்க. அதுக்கு மேல டாக்டர் என்னத்தச் சொல்றது?"

என் கன்னடம் தப்பு என்றேன். "நல்லாத்தானே பேசினீங்க" என்றார். வாழ்நாளெல்லாம் நான் ஏங்கிய பாராட்டு. பையன் செல்போனிலிருந்து தலை நிமிரவில்லை. திருத்தத் திருத்த, எதையோ மறைக்கிறேன் என்றே ஆயிற்று.

நாலு மாதத்தில் புள்ளிகள் இருந்த இடம் தெரியவில்லை. அதற்குள் பையனுக்கு வேறிடத்தில் நிச்சயமாகிவிட்டது. தங்கை என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லவாவது ஒரு வழி இருந்திருக்கும். ஒருநாள் நானே போய், சிப்பு என்ற சொல் அன்றைக்கு ஏன் நாக்கில் வரவில்லை என்று விளக்கத் தொடங்கினேன். அவள் பரீட்சைப் பேப்பர் திருத்துவதை நிறுத்தவில்லை.

"விடுங்கண்ணா. அன்னைக்கு அவங்க கேள்வி கேட்டது என்னைத்தான்."