வாய்ப்பு ரொம்பக் கம்மி

என் அண்ணன் லண்டனில் ஆக்சுவரி. எந்த வயதுக்காரர் எந்த நோயில் சாவார் என்று கணக்குப் போட்டு, பல நாட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்குச் சொல்கிற வேலை. நான் ஒன்பதாவதோடு நின்றவள். பீர்க்கன்கரணை வீட்டில் அம்மாவைப் பார்த்துக்கொண்டு ஜாக்கெட் தைத்தேன்.

தைத்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் பயந்தேன். கழுத்தில் கட்டி வந்தால் புற்றுநோய், தலை சுற்றினால் மூளையில் ஏதோ. உடனே அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். "உன் வயசுக்கு வாய்ப்பு ரொம்பக் கம்மி" என்று பதில் வரும். மாத்திரை போட்டதுபோல் அடங்கிவிடுவேன். நாளாக நாளாக, டாக்டரிடம் போகும் முன் அவனைக் கேட்பது எங்கள் வீட்டு வழக்கமாகவே ஆகிவிட்டது.

ஒரு மத்தியானம் சோறு வடிக்கும்போது அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முதுகெல்லாம் வியர்வை. தாடை வலிக்கிறது என்றாள். தெருமுனையில் ஆட்டோ நிற்கும். நான் ஓடவில்லை. போன் போட்டேன்.

"மீட்டிங்ல இருக்கேன். என்ன?"

சொன்னேன்.

"சுகர் இல்ல, பிரஷர் இல்ல. ஹார்ட்டா இருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி. கேஸா இருக்கும். நீ பதறி அவங்களையும் பதற வைக்காத."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அம்மாவுக்குப் பெருமை. "அதான் அவனே சொல்ட்டான்ல? நீ இன்னாத்துக்குடி பேயறஞ்ச மாதிரி நிக்கிற? போயி சோடா வாங்கினு வா."

சோடாவோடு திரும்பியபோது சுவரில் சாய்ந்திருந்தாள். வாய் திறந்திருந்தது. கூப்பிட்டுப் பார்த்தேன். மூடியைக் கழற்றி, உதட்டில் கொஞ்சம் ஊற்றியும் பார்த்தேன்.

அண்ணன் தன் மனைவியோடும் மகளோடும் வந்தான். சொந்தக்காரர்கள் நடுவில், "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகக்கூடவா தெரியாது?" என்றான்.

"நீதானேண்ணா சொன்னே."

"கம்மின்னு சொன்னேன். இல்லவே இல்லேன்னா சொன்னேன்? ஒம்பதாங்கிளாஸ்கிட்டப் போய் இதெல்லாம் பேசினது என் தப்பு."

சித்தப்பா சிரித்துவிட்டார். சாவு வீட்டில் சிரிக்காதீர்கள் என்று யாரும் சொல்லவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் காலை அவன் மகளுக்கு ஜுரம். அனலாகக் கொதித்தது. லுங்கியோடு, செருப்புகூடப் போடாமல், குழந்தையைத் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடினான். அண்ணி பின்னால் அழுதுகொண்டே போனாள். நான் கேட்டருகில் நின்றேன்.

"எதுக்குண்ணா ஓடுற? அவ வயசுக்கு வாய்ப்பு ரொம்பக் கம்மி. சாதா ஜுரமாத்தான் இருக்கும்."

"வாய மூடுடி."

கார் தாம்பரம் பக்கம் திரும்பியது. நான் உள்ளே போய் மெஷினில் உட்கார்ந்தேன். ஊசியில் நூல் ஒரே தடவையில் நுழைந்தது. எனக்கு நினைவு தெரிந்து, யாருக்காகவும் எதற்காகவும் பயப்படாமல் நான் இருந்தது அந்த இரண்டு மணி நேரம்தான். ஒரு ஜாக்கெட்டுக்கு முழுசாகக் கொக்கி வைத்து முடித்தேன்.

வாசலில் கார் வந்து நின்றது. குழந்தை சிரப் பாட்டிலை ஆட்டிக்கொண்டே, "அத்தே!" என்று சிரித்தபடி இறங்கியது. எனக்கு ஏமாற்றமாக இருந்தது.