பேஸ்மேக்கருடன் காரைப் பள்ளத்துக்கு

தை மாதத்துச் சனிக்கிழமை. காலை ஆறு பத்துக்கு அரியலூர் பேருந்து நிலையத்தில் பெரம்பலூர் வண்டி ஏறினோம், அம்மாவும் நானும். டிக்கெட் ஆளுக்கு முப்பது ரூபாய். பையை வலது தோளில் மாட்டியிருந்தேன். இடது தோளுக்குக் கீழே, தோலுக்கடியில் பேஸ்மேக்கர் இருக்கிறது. அதை வைத்து அன்றோடு பதினான்கு வாரம்.

எனக்கு இருபத்திரண்டு வயது. நிலவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். போன வருடம் வகுப்பில் இரண்டு முறை மயங்கி விழுந்தேன். காலையில் சாப்பிடாமல் வருவதால்தான் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். மூன்றாவது முறை பேருந்துப் படியிலிருந்து விழுந்தபோது திருச்சியில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். இதயத்தின் மேல் அறை கொடுக்கும் துடிப்பு கீழ் அறைக்குப் போய்ச் சேரவில்லை. நிமிடத்துக்கு முப்பத்தாறு துடிப்போடுதான் நான் அத்தனை நாளும் நடமாடியிருக்கிறேன்.

ஆய்வுக்கு நான் எடுத்திருந்த இடம் காரை. பெரம்பலூர் மாவட்டத்தில், பாடாலூருக்குக் கிழக்கே, மழை அரித்து அரித்துச் செம்மண் மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் பழைய கடல் படுகை. "வெயில்ல அலையணும்மா. வேணாம்னா லேப்லயே செய்யற மாதிரி ஒண்ணு குடுத்துடறேன். திங்கக்கிழமை சொல்லு" என்றார் எங்கள் பேராசிரியர். அக்கறையோடுதான் சொன்னார். அம்மாவுக்கு லேப்தான் பிடித்திருந்தது. ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கும் அம்மாவுக்குச் சனிக்கிழமை விடுமுறை. தானும் வருவதாகச் சொல்லிவிட்டாள்.

ஏழு இருபதுக்குப் பெரம்பலூர். புதிய பேருந்து நிலையத்துக்கு எதிரே இட்லி சாப்பிட்டுவிட்டுத் திருச்சி வண்டி பிடித்தோம். சிறுவாச்சூர் வந்ததும் அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டாள். திங்களும் வெள்ளியும்தான் அங்கே அம்மன் கோயில் நடை திறக்கும். மூடிய நாளிலும் பூக்கடை ஒன்று திறந்திருந்தது.

எட்டே முக்காலுக்குப் பாடாலூரில் இறங்கினோம். காரைக்குப் போய், காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து விட எண்ணூறு ரூபாய் என்று ஆட்டோக்காரர் முருகேசன் சொன்னார். நாற்பது வயதிருக்கும்.

"கல்யாண போட்டோ எடுக்கறவங்கதான் அங்க வருவாங்க. நீங்க எதுக்குங்க?"

"கல்லு பாக்க" என்றாள் அம்மா.

ஊட்டத்தூர் தாண்டியதும் சாலை போட ஜல்லி பரப்பியிருந்தார்கள். ஆட்டோ குதித்துக் குதித்துப் போனது. சும்மா உட்கார்ந்திருந்த எனக்கு நெஞ்சு வேகமாக அடிக்கத் தொடங்கியது. விரலில் மாட்டித் துடிப்பு பார்க்கும் கருவி எப்போதும் அம்மா பையில் இருக்கும். மாட்டிப் பார்த்தால் நூற்று நான்கு. அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

"வண்டிய நிறுத்துங்க. திருச்சிக்கே போயிடலாம்."

வண்டி நின்றது. ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தபோது எழுபத்தெட்டு. அப்போதுதான் டாக்டர் சொல்லி அனுப்பியது நினைவுக்கு வந்தது. உடல் அசைவதைப் பார்த்து வேகம் கூட்டும் கருவி இது. குலுங்கினால், நான் ஓடுகிறேன் என்று நினைத்துக்கொள்ளும்.

"ஒண்ணும் இல்லம்மா. நான் ஓடறேன்னு நெனச்சிடுச்சு."

முருகேசன் திரும்பிப் பார்த்தார். "நெஞ்சுல மிஷினா? பாப்பாவுக்கா?"

"ஆமாங்க" என்றாள் அம்மா.

"சார்ஜ் போடணுமா?"

"வேணாங்க. எட்டுப் பத்து வருசம் ஓடும். அப்புறம் மாத்திக்கணும்" என்றேன்.

"என் வண்டி பேட்டரி ரெண்டு வருசம் தாங்கல" என்று சொல்லிவிட்டு, மீதி ஜல்லிச் சாலை முழுவதும் அவர் வண்டியை நடையளவு வேகத்தில்தான் ஓட்டினார்.

ஒன்பதரைக்குக் காரை. சாலையோரம் முட்புதர், அதைத் தாண்டியதும் தரை உள்வாங்குகிறது. எங்கும் செம்பழுப்பு மேடுகள், அவற்றின் இடையே மழைநீர் அறுத்த வாய்க்கால்கள். மண்ணில் ஜிப்சத் தகடுகள் உடைந்த கண்ணாடி போல மின்னுகின்றன. பேஸ்மேக்கருக்கு ஆகாத காந்த ஊசி இருப்பதால் திசைகாட்டியை முன்போலக் கழுத்தில் தொங்கவிடுவதில்லை; இடுப்புப் பையில் வைத்திருந்தேன். முதல் வாய்க்காலில் அரை மணி நேரம் நடந்து படுகையின் சாய்வை அளந்து குறித்தேன். அம்மா குடையோடு பின்னாலேயே வந்தாள்.

வாய்க்கால் முடிந்த இடத்தில் இரண்டு ஆள் உயரத்துக்கு மண்சரிவு. மேலே ஏறினால்தான் அடுத்த அடுக்கு தெரியும்.

"சுத்திப் போவலாம்" என்றாள் அம்மா.

"இதுதாம்மா வேலையே."

"அதான் சொல்றேன், லேப்லயே இருன்னு. விழுந்து கிடந்தப்பல்லாம் ஓடி வந்தது யாரு?"

அம்மாதான் ஓடி வந்தாள். ஆனாலும் ஏறினேன். வலது கையால் பிடித்து, காலை ஊன்றி ஊன்றி ஏறினேன். பாதி உயரத்தில் என் பழைய பயம் வந்தது. முன்பெல்லாம் மாடிப்படியில்கூட இந்த அளவு ஏறியதும் காதில் இரைச்சல் கேட்கும், ஓரங்களிலிருந்து கண் இருட்டிக்கொண்டு வரும். இருட்டுக்காகக் காத்து நின்றேன். அது வரவில்லை. மூச்சு வாங்கியது, நெஞ்சு வேகமாக அடித்தது, அவ்வளவுதான். எதிரே இருந்த மேடு அத்தனை தெளிவாகத் தெரிந்தது. மேலே போய் மண்ணில் உட்கார்ந்து, யாரும் பார்க்காதபோது கொஞ்சம் அழுதேன். துக்கத்தில் இல்லை.

"ஏண்டி, பேசு" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

"நல்லாருக்கேம்மா. வெறும் மூச்சுதான் வாங்குது."

அம்மா சுற்றுவழியாக மேலே வந்து சேர்ந்தாள். அவளுக்கும் மூச்சு வாங்கியது. வந்த வழியில் கிடந்ததென்று ஒரு கல்லை நீட்டினாள். விரல் நீளம், கூர்நுனி.

"சாக்பீஸ் மாதிரி இருக்கு. என்ன இது?"

"கணவாய் மீன் ஜாதிம்மா. அதோட உள்ளோடு. பத்துக் கோடி வருசம் இருக்கும்."

அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

பதினொன்றரை மணிக்கு இரண்டாவது வாய்க்காலில் கால் தளர்ந்தது. முன்பென்றால் மறைத்திருப்பேன். இந்த முறை "போதும்மா" என்று நானே சொன்னேன். குடை நிழலில் உட்கார்ந்து புளிசோறு சாப்பிட்டோம்.

"திங்கக்கிழமை சார்கிட்ட காரைன்னே சொல்லிடு" என்றாள் அம்மா, டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே. "தனியா மட்டும் வராத. கூடப் படிக்கிற புள்ளைய கூட்டிக்க. என்னால வாரா வாரம் ஏற முடியாது."

மூன்று மணிக்குப் பெரம்பலூரில் அரியலூர் வண்டி கிடைத்தது. எங்கள் ஊரும் அதே கடல் படுகைதான். அங்கே அது கிணற்றுக்கும் வீட்டுக்கும் அடியில், சிமென்ட் லாரிகள் ஓடும் சாலைக்கும் அடியில் கிடக்கிறது. தோண்டினால்தான் கண்ணில் படும். காரையில் மழையே தோண்டி மேலே வைத்திருக்கிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக, நான் தூங்கியது தெரிந்த பிறகுதான் அம்மா கண்ணை மூடுவாள். அன்று வழியில் பேரளி ஊர் வருவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அரியலூர் வந்து வண்டி நின்ற பிறகுதான் அவளை எழுப்பினேன்.