'ஏலாது' தடைசெய்யப்பட்ட கந்தோர்

1997 செப்டெம்பர் 15, திங்கட்கிழமை காலை எட்டு மணி முதல், சீனன்குடாவில் இருந்த நோர்ட்ஹாம் கால்நடைத் தீவனக் கம்பனியில் 'ஏலாது' என்ற சொல் தடைசெய்யப்பட்டது. அந்த உத்தரவைத் தமிழாக்கி, தட்டச்சு செய்து, அறிவித்தல் பலகையில் நான்கு மூலைக்கும் ஊசி குத்தியவர் தங்கரத்தினம் மிஸ். வயது நாற்பத்து நான்கு, ஆளணிப் பிரிவில் எழுதுவினைஞர், உப்புவெளியிலிருந்து பஸ்ஸில் வருபவர். அந்த வளவுக்குள் இங்கிலிசும் தமிழும் சந்தித்துக்கொள்ளும் ஒரே இடம் அவருடைய வாய்தான்.

தடையைக் கொண்டுவந்தவர் வான் பூர் துரை. ரொட்டர்டாம் தலைமையகம் அவரைச் சிங்கப்பூர்க் கிளை வழியாக மனித வள முகாமையாளர் என்று அனுப்பியிருந்தது. அதுவரை தொழிலாளிகள் ஆளணியாகத்தான் இருந்தார்கள். வளமாக மாறிய பிறகு அவர்களுக்குச் சம்பளம் கூடவில்லை, நிரப்ப வேண்டிய படிவம் கூடியது.

வந்த முதல் வாரமே, அலுவலகத்தைக் குறிக்கும் 'கந்தோர்' என்ற சொல் தன் தாய்மொழியான ஒல்லாந்திலிருந்து வந்தது என்று துரை கண்டுபிடித்துக் குளிர்ந்துபோனார். உற்சாகத்தில் அலுமாரியையும் கதிரையையும் சுட்டிக் காட்டினார். அவை போர்த்துக்கேயர் விட்டுப்போனவை என்று தங்கரத்தினம் சொன்னதும் முகம் கொஞ்சம் வாடியது. இரண்டாவது வாரம், தன் காதில் ஓயாமல் விழும் ஒரு சொல்லைப் பற்றி விசாரித்தார். அது என்ன 'ஏலாது'?

தங்கரத்தினம் நேர்மையாக விளக்கினார். காய்ச்சலில் கிடப்பவருக்கும் ஏலாது. கையில் வேறு வேலை உள்ளவருக்கும் ஏலாது. கடற்படை வழி மறித்ததால் வரமுடியாமல் போனவருக்கும் ஏலாது. விருப்பமில்லாதவருக்கும் ஏலாதுதான். எந்த ஏலாது என்பதை ஆளின் முகத்தைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். துரை எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டார். கடைசியாகச் சொன்னதை மட்டும் எழுதிக்கொண்டார்.

அடுத்த மாதம் சிங்கப்பூரிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு மஞ்சள் பட்டிகள் வந்தன. ஒவ்வொன்றிலும் 'ஏலும்' என்று அச்சடித்திருந்தது. எல்லாரும் நெஞ்சில் குத்திக்கொள்ள வேண்டும். மூன்று தடவை 'ஏலாது' சொன்னவர் வீட்டுக்குப் போக வேண்டும். சொல்லை எண்ணுவதற்கு ஒரு படிவம், தடவைக்கு ஒரு கோடு, படிவத்தை நிரப்புவதற்குத் தங்கரத்தினம்.

பத்து நாளில் தொழிலாளிகள் பிழைக்கும் வழியைக் கண்டுகொண்டார்கள். 'ஏலும், பாப்பம்' என்றால் ஏலாது. 'ஏலுமெண்டுதான் நினைக்கிறன்' என்றால் நாளைக்கும் ஏலாது. 'ஏலும் ஏலும்' என்று இரண்டு தரம் அடுக்கிச் சொன்னால், போய் வேறு ஆளைப் பார் என்று அர்த்தம். தங்கரத்தினம் எல்லாவற்றையும் 'ஏலும்' என்றே மொழிபெயர்த்தார். துரையின் சுவரில் இருந்த வரைபடம் மேலே ஏறிக்கொண்டே போயிற்று. சிங்கப்பூர் பாராட்டித் தொலைநகல் அனுப்பியது.

இந்தப் புதுத் தமிழுக்கு வளையாதவர் அபூதாஹிர் ஒருவர்தான். கிண்ணியாக்காரர், கிறேன் ஓட்டுநர், பத்தொன்பது வருட சேவை. அவருடைய பெயருக்கு நேரே ஏற்கெனவே இரண்டு கோடு விழுந்திருந்தது. கிண்ணியாத் துறையில் ஆட்களை அக்கரைப்படுத்தும் பாதைப் படகைக் கடற்படை இரண்டு நாள் நிறுத்திவைத்தபோது 'வர ஏலாது' என்று சொல்லியனுப்பியது முதலாவது கோடு. கிறேனின் வயர் தேய்ந்துபோயிற்று, மாற்றாமல் பாரம் தூக்க ஏலாது என்று முறையிட்டது இரண்டாவது. புதுவயர் கொண்டுவருவதற்கான அனுமதிக் கடிதம் ஐந்து மாதமாகக் கொழும்பில் ஏதோ ஒரு மேசையில் படுத்திருந்தது. அந்த மேசைக்கு யாரும் கோடு போடவில்லை. அபூதாஹிரின் மருமகனுக்குக் கடலுக்குப் போக அனுமதி இல்லாததால் வள்ளம் கரையிலேயே காய்ந்தது. அந்த வீட்டில் உலை ஏறுவது கிறேன் சம்பளத்தில்தான். மூன்றாவது கோடு விழுந்தால் அதுவும் இல்லை.

"நானா, வாயைக் கொஞ்சம் கட்டிக்கொள்ளுங்கோ," என்று தங்கரத்தினம் ஒருநாள் கன்ரீனில் அபூதாஹிரிடம் சொன்னார். "ரெண்டு விழுந்திட்டுது."

"நான் என்ன தூசணமா மிஸ் பேசின? வயர் நார் நாரா நிக்குது. அந்த மஞ்சள் பட்டியில ஒண்டை வயருக்குக் குத்திவிடுங்க, அது தூக்கட்டும்."

பக்கத்தில் சோறு தின்றுகொண்டிருந்த சின்னராசா, பாரம் இறக்கும் கூட்டத்தின் தலைவர், தலையை நிமிர்த்தினார். "நானா, நான் பழக்கதோசத்தில வீட்டையும் மனிசிக்கு ஏலும் எண்டு சொல்லிப்போட்டன். இப்ப குசினி முழுக்க என்ர பொறுப்பு."

அபூதாஹிர் சிரித்தார். அன்றிலிருந்து அவரும் 'ஏலும், பாப்பம்' சொல்லத் தொடங்கினார்.

டிசெம்பர் 9ஆம் திகதி கம்பனியின் இறங்குதுறைக்கு ஒரு தட்டைப்படகில் புதிய கலவை இயந்திரம் வந்தது. எடை ஏழு தொன். கிறேன் ஐந்து தொன்னுக்கு, அதுவும் வயர் புதிதாக இருந்த காலத்தில். துரை கழுத்தில் கமராவுடன் துறையில் நின்றார். படம் சிங்கப்பூரின் மாதச் சஞ்சிகைக்குப் போக வேண்டும்.

"தூக்க முடியுமா என்று அவரைக் கேளுங்கள்," என்றார் துரை. பிறகு தானே முந்திக்கொண்டு, "ஏளும்?" என்று கிறேனைப் பார்த்துக் கத்தினார்.

அபூதாஹிர் வயரைப் பார்த்தார். கீழே தட்டைப்படகில் சின்னராசாவும் இரண்டு பேரும் கொக்கியை மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். கடைசியில் தங்கரத்தினத்தைப் பார்த்தார்.

"ஏலும்," என்றார். "பாப்பம்."

துரை கமராவைத் தூக்கினார். "என்ன சொல்கிறார்?"

தங்கரத்தினம் கணக்குப் போட்டார். உள்ளபடி மொழிபெயர்த்தால் மூன்றாவது கோடு. சொன்னபடி மொழிபெயர்த்தால் கீழே மூன்று தலை. பன்னிரண்டு வருடமாக அந்தக் கம்பனியில் அவர் மற்றவர்களின் வார்த்தையைத்தான் பேசியிருந்தார். தன் வார்த்தை என்று ஒன்றும் சொன்னதில்லை.

"அவர் ஏலும் என்கிறார்," என்றார் இங்கிலிசில். "ஏலாது என்பது நான்."

"உங்களை நான் கேட்கவில்லை. மொழிபெயர்ப்பாளருக்குக் கருத்து இல்லை."

"சரி. கோட்டை என்னுடைய பெயருக்குப் போடுங்கள்." பிறகு படகுப் பக்கம் திரும்பினார். "சின்னராசா, ஆக்களைக் கூட்டிக்கொண்டு மேலை ஏறுங்கோ."

"ஏன் மிஸ்? துரை ஏலும் எண்டல்லோ நிக்கிறார்."

"அதுதான் ஏறச் சொல்றன்."

மூன்று பேரும் ஏறினார்கள். துரை கையை உயர்த்திக் காட்டினார். இயந்திரம் படகுத்தளத்தை விட்டு நெஞ்சளவு எழும்பியது. வயர் அறுந்தது. ஏழு தொன் இரும்பு படகின் அடியைப் பிளந்துகொண்டு இறங்கியது. பிறகு படகும் அவசரப்படாமல் பின்னால் போயிற்று.

சத்தம் கேட்டு, குண்டு வெடித்துவிட்டது என்று கடற்படை ஓடிவந்தது. துரை உட்பட எல்லாரும் இரண்டு மணி நேரம் வெயிலில் தலையில் கைவைத்துக் குந்தியிருந்தார்கள். துறைமுகப் பகுதியில் கமராவுக்கு அனுமதி உண்டா என்று கேட்டு ஒரு சிப்பாய் அதைப் பறித்துக்கொண்டான். துரை புன்னகைத்து, திருப்பித் தரமுடியுமா என்று சைகை காட்டினார்.

"பே," என்றான் சிப்பாய். சிங்களத்தில் 'ஏலாது' ஒரே எழுத்து. அவன் நெஞ்சில் பட்டி எதுவும் இல்லை.

விசாரணையைச் சிங்கப்பூர் தொலைநகலிலேயே நடத்தி முடித்தது. கிறேன் ஓட்டுநரிடம் கேட்கப்பட்டது, அவர் 'ஏலும்' என்று சொன்னார், ஆகவே கம்பனிக் கொள்கையை முழுமையாகப் பின்பற்றினார். மனப்பாங்கில் அதிக முன்னேற்றம் கண்ட ஊழியர் என்று அபூதாஹிருக்குச் சட்டம் போட்ட சான்றிதழ் வந்தது. துரை குழுவை ஊக்குவித்திருந்தார். அவர்மீதும் பிழை இல்லை. சம்பவ நேரத்தில் 'ஏலாது' சொன்னவர் ஒரே ஒருவர். பேசியவர் சொல்லாத சொல்லை மொழிபெயர்ப்பில் சேர்த்து குழுவின் நம்பிக்கையைக் குலைத்தார், அதிகாரம் இல்லாமல் மூன்று ஊழியர்களை வேலைத்தளத்திலிருந்து அகற்றினார் என்று தீர்ப்பாயிற்று. மற்றவர்களுக்கு மூன்று கோடு, மொழிபெயர்ப்பாளருக்கு ஒன்று போதும் என்று புதிதாக ஒரு விதியும் எழுதினார்கள்.

அபூதாஹிர் சான்றிதழோடு நேரே ஆளணிப் பிரிவுக்கு வந்தார். "மிஸ், நான் போய் உண்மையைச் சொல்றன். நான் சொன்னது ஏலாதுதான் எண்டு."

"சொன்னா உங்களுக்கு மூண்டு. எனக்கு விழுந்த ஒண்டும் அழியாது. போய் வேலையைப் பாருங்கோ, நானா."

"நாங்க என்ன மனிசர் மிஸ், பாத்துக்கொண்டு இருக்க?"

"வளம்," என்றார் தங்கரத்தினம்.

வேலைநீக்கக் கடிதம் இங்கிலிசில் வந்தது. ஊழியருக்குப் போகும் எந்தக் கடிதத்துக்கும் தமிழ்ப் பிரதி இணைக்க வேண்டும் என்பது கம்பனி விதி. அன்று பின்னேரம் அதைத் தங்கரத்தினமே மொழிபெயர்த்து, தட்டச்சு செய்து, எழுத்துப் பிழை பார்த்து, தனக்குத்தானே ஒப்படைத்துக் கையொப்பம் வாங்கிக்கொண்டார்.

1998 பெப்ரவரி 2ஆம் திகதி அவர் உட்துறைமுக வீதியில் ஒரு சட்டத்தரணியிடம் தட்டச்சாளராகச் சேர்ந்தார். வேலை காலை எட்டரைக்குத் தொடங்கும், நெஞ்சில் பட்டி எதுவும் குத்தத் தேவையில்லை.