மூன்று விரல் இடம்

கார் டிக்கிக்குள் முழங்காலை மடக்கிப் படுத்துக்கொண்டு, வாயில் டார்ச்சைக் கவ்வியபடி, "ஊத்து" என்றார் பல்செட்டுக்காரர். டார்ச் வாயில் இருந்ததால் வெளியே "ஊஊ" என்று மட்டுமே கேட்டது. ரப்பர் குழாயோடு நின்ற மனைவிக்கு அந்த மொழி பழக்கம்தான். பின்கண்ணாடியின் மேல் தண்ணீரைத் திறந்துவிட்டாள். எட்டு எண்ணுவதற்குள் உள்ளேயிருந்து இன்னொரு "ஊஊ" வந்தது. அதற்கு, போதும், மூக்கில் விழுகிறது என்று பொருள்.

அறுபத்தோரு வயது. வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செய்து தருவது தொழில். அலமாரி நிறைய பிளாஸ்டரில் வார்த்த தாடைகள் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருக்கும். புதிதாக வருகிறவர்கள் அவற்றைப் பார்த்துக் கொஞ்சம் பின்வாங்குவார்கள். அவருக்கோ அவைதான் ஊர்க்காரர்கள். கடைத்தெருவில் யாராவது வணக்கம் வைத்தால் முகம் நினைவுக்கு வராது. "பேசுங்க, பேசுங்க, கண்டுபிடிச்சிடறேன்" என்று வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு சட்டென்று, "மேல் வரிசை, இடது பக்கம் நாலு. சௌக்கியமா?" என்பார்.

அவருடைய கார் அவரைவிட ஒன்பது வயது இளையது. கோழிகள் அடைந்து கிடந்த ஒரு கொட்டகையிலிருந்து வாங்கி வந்து, ஐந்து வருட ஞாயிற்றுக்கிழமைகளைக் கொட்டி எழுப்பி நிறுத்தியிருக்கிறார். காரை அது என்று சொல்லவே மாட்டார். "அவங்களுக்கு இன்னிக்கு மூச்சு வாங்குது", "அவங்க காலையில கொஞ்சம் இருமினாங்க" என்றுதான் பேச்சு. "என்னை ஒரு நாளாவது 'அவங்க'ன்னு சொல்லியிருப்பீங்களா?" என்று மனைவி கேட்டதுண்டு. "நீ இருமினதே இல்லையேம்மா" என்று பதில் வந்தது.

எஞ்சின் பாடியது, கதவுகள் ஒரே தட்டலில் மூடிக்கொண்டன, இருக்கைகள் புதுத் துணி கட்டிக்கொண்டன. பின்கண்ணாடி மட்டும் அழுதது. இரண்டு மழைக்காலமாக.

அந்த அழுகைக்குக் குற்றவாளி யார் என்று குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். சகலை. மனைவியின் தங்கை கணவர். குளியலறைக் குழாய்களும் தொட்டிகளும் விற்கும் கடையில் மேலாளர். எந்த ஓட்டையைப் பார்த்தாலும் சட்டைப் பையிலிருந்து சிலிகான் பேஸ்ட்டை எடுத்துப் பிதுக்கிவிடும் கை அவருக்கு. முதல் மழையில் கண்ணாடி ஓரம் கசிந்தபோது, "விடுங்க அண்ணே, அஞ்சு நிமிஷ வேலை" என்று சுற்றிலும் பிதுக்கிவிட்டுப் போனார். அந்த மழைக்காலம் முழுக்கக் கசியவில்லை. அடுத்த வருடம் மறுபடி கசிந்தது, முன்னைவிட மோசமாக.

ஒரு குடும்ப விருந்தில், பதினொரு பேர் வட்டமாக உட்கார்ந்திருக்கும்போது, பல்செட்டுக்காரர் சொன்னார்: "பாத்ரூம்காரன் கை வச்சா காரும் பாத்ரூமாத்தான் ஆகும்." பத்துப் பேர் சிரித்தார்கள். சகலையும் சிரிக்கத்தான் செய்தார். அவருடைய முன்பற்கள் நான்கும் பல்செட்டுக்காரர் செய்து கொடுத்தவை. சிரிப்பு உதட்டில் நின்று கண்ணுக்கு ஏறவில்லை என்பதை வாயையே பார்த்துக்கொண்டிருந்த மனிதர் கவனிக்கவில்லை.

அதற்கப்புறம் சகலை வரவில்லை. ஞாயிறு தவறாமல் வரும் தங்கையும் வரவில்லை. அக்காவும் தங்கையும் போனில் பேசிக்கொண்டார்கள். பத்து மாதமாயிற்று. அந்த வீட்டு வரவேற்பறையில் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் கடிகாரச் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது.

டிக்கிக்குள் மூக்கு நனைந்த அன்று, கண்ணாடியை முழுசாகக் கழற்றிவிடுவது என்று பல்செட்டுக்காரர் முடிவெடுத்தார். பழைய பேஸ்ட்டைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். ஒவ்வொரு சுரண்டலுக்கும் சகலைக்கு ஒரு வார்த்தை விழுந்தது. அந்தக் கண்ணாடியைப் போல இன்னொன்று கிடைக்காது. வளைந்த ஒற்றைத் துண்டு. உடைந்தால் அந்த இடத்தில் அட்டையைத்தான் வைத்து ஓட்ட வேண்டும். அதை இரண்டு தலையணை மேல் படுக்க வைத்துவிட்டு, புது ரப்பரை எடுத்து கண்ணாடி உட்காரும் இரும்பு விளிம்பில் மாட்டிப் பார்த்தார். அப்போதுதான் அவருக்குத் தன் தொழில் ஞாபகம் வந்தது.

பல்செட்டு வாயில் சரியாக உட்கார்கிறதா என்று பார்க்க ஒரு நீலத்தாள் உண்டு. அதைக் கடிக்கச் சொன்னால், மேல்பல்லும் கீழ்பல்லும் தொடுகிற இடத்தில் எல்லாம் நீலம் பதியும். தொடாத இடம் வெள்ளையாக நிற்கும். அந்தத் தாளை நறுக்கி, வெள்ளைக் காகிதப் பட்டையோடு சேர்த்து விளிம்பு நெடுக வைத்து, ரப்பரை அழுத்தி எடுத்தார். பட்டையில் சுற்றிலும் அழகான நீலக் கோடு. இடது கீழ்மூலையில் மட்டும் மூன்று விரல் அகலத்துக்கு ஒன்றுமில்லை.

மறுபடி அழுத்திப் பார்த்தார். ஒன்றுமில்லை. குனிந்து அந்த மூலையைத் தடவினார். கை உடனே அடையாளம் கண்டுகொண்டது. துருப் பிடித்துப் போயிருந்த அந்த இடத்தில் இரண்டு வருடம் முன்பு புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தது அவர்தான். பல் மெருகேற்றும் குட்டி மோட்டாரால் மூன்று நாள் ராவியதும் அவர்தான். "பாரு, எங்க ஒட்டியிருக்குன்னு உன் விரலுக்கே தெரியாது" என்று அப்போது மனைவியைத் தடவிப் பார்க்க வைத்தார். ராவிய ராவலில் விளிம்பு பாதியாகத் தேய்ந்து போயிருந்தது. ரப்பர் அங்கே எதையும் பிடிக்காமல் சும்மா தொங்கியிருக்கிறது.

மனைவி பின்னால் வந்து நின்றாள். நீலத்தையும் வெள்ளையையும் பார்த்தாள். முப்பத்து மூன்று வருடம் பல்செட்டுக்காரரோடு குடித்தனம் செய்தவளுக்கு அதைப் படிக்கத் தெரியாதா?

"இது யார் வேலை?" என்றாள்.

"துரு" என்றார்.

"துரு மோட்டார் வச்சு ராவுமா?"

அவர் முன்னறைக்குப் போய் ஒரு தாடையை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே துடைத்த தாடை.

தேய்ந்த இடத்தில் மெல்லிய தகடு வைத்துப் பற்றவைத்து, இந்தத் தடவை மோட்டாரைத் தொடாமல் கை அரத்தாலேயே இழைத்து, சாயம் பூசிக் காயவைக்க ஒரு வாரம் ஆயிற்று. நீலம் முழுச் சுற்றும் பதிந்தது. ஆனால் கண்ணாடியை மாட்ட இரண்டு ஆள் வேண்டும். ரப்பரின் உள்பள்ளத்தில் ஒரு கயிற்றைச் சுற்றி, வெளியிலிருந்து ஒருவர் கண்ணாடியை உள்ளங்கையால் அழுத்த, உள்ளே உட்கார்ந்து ஒருவர் கயிற்றை மெல்ல இழுக்க வேண்டும். கயிறு வர வர, ரப்பரின் உதடு விளிம்பின் மேல் ஏறி உட்காரும். மனைவிக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டு கை மேலே போகாது. பக்கத்து வீட்டுக்காரரை அழைக்கலாம்தான். அவர் எதையும் வெடுக்கென்று இழுக்கிறவர். சொந்தக் கதவின் கைப்பிடியையே கையோடு கொண்டுவந்தவர்.

இரண்டு நாள் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் எண்ணை அழுத்தினார்.

"நான்தான்."

"தெரியுது" என்றார் சகலை.

"கண்ணாடி மாட்டணும். ரெண்டு ஆள் வேணும்."

"பாத்ரூம்காரன் எதுக்கு?"

பல்செட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "நிதானமா இழுக்கிற கை வேணும். எனக்குத் தெரிஞ்சு உனக்குத்தான் இருக்கு."

"ஞாயித்துக்கிழமை வர்றோம்" என்று அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. 'வர்றோம்' என்ற சொல்லைக் கேட்டதும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி எழுந்துபோய் வரவேற்பறையைப் பெருக்க ஆரம்பித்தாள். அன்று செவ்வாய்க்கிழமை.

ஞாயிறு காலை தங்கையும் சகலையும் வந்து இறங்கினார்கள். சகலையிடமிருந்து மரியாதைக்கு ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். பல்செட்டுக்காரர் வாங்க, உட்காருங்க எதுவும் சொல்லாமல், முதல் தடவை அழுத்திப் பார்த்த காகிதப் பட்டையை அவர் கையில் கொடுத்தார். மூன்று விரல் வெள்ளையைச் சுட்டிக் காட்டினார்.

"இந்த இடம் நான் ராவினது. அளவு மீறிட்டேன். உன் பேஸ்ட்தான் ஒரு மழைக்காலம் அதைத் தாங்கிப் பிடிச்சிருக்கு."

சகலை தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை அந்தப் பதினொரு பேர்கிட்டயும் சொல்லுவீங்களா?"

"உன்னைக் கழிச்சா பத்து" என்றார் பல்செட்டுக்காரர். "வாரத்துக்கு ஒருத்தரா சொல்றேன். ஒரே மூச்சில சொல்ல என்னால ஆகாது."

சகலை சிரித்துவிட்டார். நாலு பல்லும் தெரிந்தது.

வேலை ஆரம்பித்தது. வெந்நீரில் ஊறிய ரப்பர், சோப்புத் தண்ணீர், கயிறு. சகலை உள்ளே மண்டியிட்டார். பல்செட்டுக்காரர் வெளியே கண்ணாடியைக் கட்டிப்பிடித்தாற்போல் சாய்ந்துகொண்டார். "மெல்ல" என்றார். "மெல்லத்தான் அண்ணே" என்றது உள்குரல். கீழ் ஓரம் ஏறியது. பக்கம் ஏறியது. மேல் மூலையில் கயிறு இறுகி நிற்க, கண்ணாடியிலிருந்து கிறீச்சென்று ஒரு சத்தம் வந்தது. அக்காவும் தங்கையும் ஒரே நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

"இழுக்காதே" என்றார் பல்செட்டுக்காரர்.

"இழுக்கலை. நிறுத்திட்டேன். சோப்பு காஞ்சிருக்கு. தண்ணி விடுங்க."

தண்ணீர் விட்டார். ஒரு நிமிடம் இருவரும் கண்ணாடியின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று, ஒருவர் உள்ளங்கைக்கு நேரே மற்றவர் உள்ளங்கையை வைத்துக் காத்திருந்தார்கள். பிறகு கயிறு வழுக்கிக்கொண்டு வந்தது. கடைசி முழம் வெளியே வந்து விழுந்தபோது, ரப்பர் 'டப்' என்று உதட்டை மூடிக்கொண்டது.

தங்கை குழாயைத் திறந்தாள். கால் மணி நேரம் நிற்காமல் தண்ணீர். உள்ளே சகலை காகிதக் கைக்குட்டையால் சுற்றிலும் ஒற்றி ஒற்றிப் பார்த்தார். பிறகு அதைக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினார். துளி ஈரமில்லை. சட்டைப் பையைத் தொட்டு, "பேஸ்ட் வேணாமா?" என்றார்.

பல்செட்டுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு, இடுப்பு முடிச்சிலிருந்து கார் சாவியை அவிழ்த்தார். வேறு யார் கையிலும் இதுவரை போகாத சாவி. அதைச் சகலையின் உள்ளங்கையில் வைத்தார்.

"நானா?" என்றார் சகலை.

பல்செட்டுக்காரர் அதற்குள் பின்கதவைத் திறந்து உள்ளே ஏறி, இடது மூலைக்கு நகர்ந்து, பின்கண்ணாடியின் அந்த மூன்று விரல் இடத்துக்கு நேர் கீழே தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.